கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்டைச் சேதாரம் இல்லாமல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு போவது எப்படி

"உன் கிரெடிட் எல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆகும், கவலைப்படாதே" என்று என் கம்யூனிட்டி காலேஜ் (முதல் இரண்டு வருடப் படிப்பை மலிவாகத் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) கவுன்சிலர் சொன்னது பொய் இல்லை. கலிஃபோர்னியாவில் நான் சேர்த்து வைத்திருந்த 93 குவார்ட்டர் யூனிட்டும் (கிரெடிட்டை எண்ணும் அளவுதான் யூனிட்) டிரான்ஸ்ஃபர் ஆனது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் டிகிரி ஆடிட்டை, அதாவது டிகிரிக்கு எது முடிந்தது எது பாக்கி என்று காட்டும் பட்டியலை, திறந்து பார்த்தால் மூன்று கோர்ஸ் "எலக்டிவ்" (விருப்பப்பாடம்) என்ற தலைப்புக்குக் கீழே ஓரமாக உட்கார்ந்திருந்தன. என் முதன்மைப் பாடமான பிசினஸ் மேஜருக்குக் கட்டாயமான ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பெட்டி காலி, அதே ஸ்டாட்டிஸ்டிக்ஸை நான் ஏ கிரேடில் முடித்திருந்தும்.

ஆக, முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பல்கலைக்கழகம் உங்கள் கிரெடிட்டை ஏற்றுக்கொள்வது ஒன்று, அந்தக் கிரெடிட் உங்கள் டிகிரிக்கு வேண்டிய பெட்டியில் போய் விழுவது இன்னொன்று. யாராவது "டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்று சொன்னால் உடனே "என்னவாக ஆகும்?" என்று கேளுங்கள். மேஜருக்கா, பொதுப்பாடத்துக்கா, வெறும் எலக்டிவா? அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை பார்க்கும் ஜிஏஓ 2017-இல் ஒரு அறிக்கை விட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீதக் கிரெடிட்டை இழந்திருக்கிறார்கள் என்பது அதில் உள்ள மதிப்பீடு. அரசுக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு மாறியவர்களுக்கே 37 சதவீதம். நகைக்கடையில்கூட இவ்வளவு சேதாரம் போட மாட்டார்கள்.

நான் பெரும்பாலும் கலிஃபோர்னியாவை வைத்துத்தான் எழுதுகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். மற்ற மாநிலங்களுக்கும் நடுவில் ஒரு பத்தி இருக்கிறது.

பின்னாலிருந்து ஆரம்பியுங்கள்

எல்லாரும் செய்யும் தப்பு, முதல் செமஸ்டரில் கிடைத்த கிளாஸை எடுத்துவிட்டு எங்கே போவது என்பதை இரண்டாம் வருடம் யோசிப்பது. தலைகீழாகச் செய்யுங்கள். எந்த மேஜர், எந்த மூன்று நான்கு பல்கலைக்கழகங்கள் என்று உத்தேசமாகவாவது ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, அவர்கள் முதல் இரண்டு வருடத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்த்து, அதற்கு ஏற்ப இங்கே கிளாஸ் எடுங்கள். இளங்கலைப் பட்டத்துக்கு மொத்தம் சுமார் 120 செமஸ்டர் யூனிட், அதில் 60 இங்கே முடியும். கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்கு கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு 46 டாலர்தான், அதாவது இரண்டு வருடப் படிப்பே 2,760 டாலர். இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று பிடித்த கிளாஸை எல்லாம் எடுத்துத் தள்ளினால் மிச்சம் பிடித்த பணம் பல்கலைக்கழகத்தில் ஐந்தாவது வருடமாகப் போய்விடும்.

மேஜர் முடிவாகவில்லை என்றால்? பரவாயில்லை, ஆங்கிலம், கணக்கு இரண்டையும் முதலில் முடியுங்கள். இவை இரண்டும் எந்த மேஜருக்கும் வேண்டும், மற்ற பல கிளாஸுக்கு நுழைவுச்சீட்டும் இவைதான்.

அசிஸ்ட் பக்கத்தைப் படிக்கும் விதம்

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ், அவற்றுக்கும் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா), கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) என்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் நடுவிலான ஒப்பந்தங்கள் எல்லாம் அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற ஒரே தளத்தில் கிடக்கின்றன. ஆர்ட்டிகுலேஷன் அக்ரிமென்ட் என்று பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர விஷயம் எளிது, "உங்கள் இந்தக் கோர்ஸ் எங்கள் அந்தக் கோர்ஸுக்குச் சமம்" என்று இரண்டு பக்கமும் எழுதி வைத்துக்கொண்டது. படிக்கும் ஆண்டு, உங்கள் காலேஜ், போகும் பல்கலைக்கழகம், மேஜர், இந்த நான்கையும் தேர்ந்தெடுத்தால் இரண்டு நெடுவரிசையாக ஒரு பக்கம் வரும். இடது பக்கம் பல்கலைக்கழகத்தின் கோர்ஸ், நடுவில் ஒரு அம்புக்குறி, வலது பக்கம் உங்கள் காலேஜில் அதற்கு ஈடானது.

இதில் கண்ணுக்குத் தப்பும் இடங்கள் சில. வலது பக்கம் இரண்டு கோர்ஸ் இருந்து நடுவில் "அண்ட்" என்று சின்னதாகப் போட்டிருந்தால் இரண்டையும் முடித்தால்தான் அந்த ஒன்று கிடைக்கும், "ஆர்" என்றால் ஏதாவது ஒன்று போதும். இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் பாதியோடு கிளம்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். "நோ கோர்ஸ் ஆர்டிகுலேட்டட்" என்று வந்தால் உங்கள் காலேஜில் அதற்கு ஈடு இல்லை. பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜிலோ ஆன்லைனில் வேறு காலேஜிலோ இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு மூன்று கம்யூனிட்டி காலேஜில் சேர்த்துப் படிப்பது இங்கே சர்வ சாதாரணம். பிறகு, ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு கோர்ஸை எந்த ஆண்டில் எடுத்தீர்களோ அந்த ஆண்டின் ஒப்பந்தம்தான் அதற்குப் பொருந்தும் என்பதால், கிளாஸில் சேரும் அன்றே அந்தப் பக்கத்தை பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ் எல்லாவற்றிலும் ஒரே கோர்ஸுக்கு ஒரே எண் வேண்டும் என்ற ஏபி 1111 சட்டத்தால் பழைய எண்கள் மாறிக்கொண்டு வருகின்றன. முதலாம் ஆண்டு ஆங்கிலம் இப்போது "ஆங்கிலம் சி1000", ஸ்டாட்டிஸ்டிக்ஸும் சி1000 தான். அண்ணனோ அக்காவோ மூன்று வருடத்துக்கு முன் போட்டுக் கொடுத்த பிளானில் பழைய எண் இருந்தால் பதற வேண்டாம், காலேஜ் கேட்டலாகில் பழையது எது புதியது எது என்று பொருத்திப் பாருங்கள்.

பொதுப்பாடம்: கால்-ஜெட்சி

முன்பு ஐஜெட்சி என்று, எல்லா மேஜருக்கும் பொதுவான பாடங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு அதன் இடத்தில் கால்-ஜெட்சி வந்துவிட்டது, 34 செமஸ்டர் யூனிட், யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் பொது. இதை முழுதாக முடித்து, காலேஜிடம் சொல்லி "சான்றளித்து" அனுப்ப வைத்தால் கீழ்நிலைப் பொதுப்பாடம் ஒரே கொத்தாகத் தீர்ந்துவிடும். சான்றளிப்பு தானாக நடக்காது, கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் ஒவ்வொரு கோர்ஸையும் தனித்தனியாக எடுத்து வைத்து ஆராய்வார்கள், அப்போதுதான் சேதாரம் ஆரம்பிக்கும்.

இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போகிறவர்கள் மட்டும் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே கால்குலஸ், பிசிக்ஸ், புரோகிராமிங் வரிசையை முடித்திருக்கிறீர்களா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பொதுப்பாடத்தைப் பளபளவென்று முடித்துவிட்டு பிசிக்ஸில் ஒன்று பாக்கி வைத்தால் இடமே கிடைக்காமல் போகலாம்.

கால் ஸ்டேட்தான் இலக்கு என்றால் ஏடிடி எனப்படும் டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் டிகிரியைப் பாருங்கள். 2010-இல் வந்த சட்டத்தால் உண்டானது. அதை முடித்தவருக்கு கால் ஸ்டேட்டில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி, அங்கே போனபின் அதே மேஜரோடு பொருந்தும் படிப்பில் மேற்கொண்டு 60 யூனிட்டுக்குமேல் கேட்க மாட்டார்கள். நீங்கள் ஆசைப்பட்ட வளாகம்தான் என்று உறுதி கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

யூசி என்றால் டேக், அதாவது டிரான்ஸ்ஃபர் இடத்துக்கான உறுதி ஒப்பந்தம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே இடத்தை உறுதி செய்துகொள்ளலாம், நிபந்தனைகளை முடித்தால். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றும் இதில் இல்லை.

மற்ற மாநிலங்களில்

ஃபுளோரிடாவில் அரசுக் காலேஜ்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே கோர்ஸ் எண் முறை, ஏஏ எனப்படும் இரண்டு வருட டிகிரி முடித்தால் 12 அரசுப் பல்கலைக்கழகங்களில் ஏதாவது ஒன்றில் இடம் உண்டு. டெக்சாஸில் 42 யூனிட் கோர் பாடத்திட்டம், அதை முடித்து டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) "கோர் கம்ப்ளீட்" என்று வந்துவிட்டால் அரசுப் பல்கலைக்கழகம் அதை மொத்தமாக ஏற்க வேண்டும். நியூ ஜெர்சியில் கிரெடிட் டிரான்ஸ்ஃபருக்கென்றே 2007 முதல் சட்டம் இருக்கிறது. என்ஜே டிரான்ஸ்ஃபர் தளத்தில் பார்க்கலாம். வாஷிங்டனில் டிடிஏ என்று 90 குவார்ட்டர் கிரெடிட் ஒப்பந்தம், இல்லினாயில் ஐஏஐ, வர்ஜீனியாவுக்கு டிரான்ஸ்ஃபர் வர்ஜீனியா என்று இதே மாதிரி ஏற்பாடுகள். மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள், தனியார் பல்கலைக்கழகம் போகிறவர்கள் டிரான்ஸ்ஃபராலஜி தளத்தில் முதலில் ஒரு கண்ணோட்டம் பார்த்துவிட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்ஃபர் அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் நிற்காது, மெயிலில் வாங்குங்கள்.

குவார்ட்டர், செமஸ்டர் கணக்கு

இது சின்ன விஷயம்போலத் தெரியும், என்னைக் கடித்தது இதுவும்தான். கல்வியாண்டை மூன்று பருவமாகப் பிரித்தால் குவார்ட்டர், இரண்டாகப் பிரித்தால் செமஸ்டர். குவார்ட்டர் யூனிட்டை செமஸ்டராக்க மூன்றால் வகுத்து இரண்டால் பெருக்க வேண்டும். திரும்பி வர ஒன்றரையால் பெருக்க வேண்டும். என் 93 அங்கே 62 ஆனது. ஒரு 5 யூனிட் குவார்ட்டர் கிளாஸ் 3.33 செமஸ்டர் யூனிட். பல்கலைக்கழகம் 4 யூனிட் கேட்கும் இடத்தில் 0.67 துண்டு விழும். பெரும்பாலும் பாடம் சமம் என்று ஏற்றுக்கொண்டு, மொத்த யூனிட்டை மட்டும் வேறு எங்கேயாவது ஈடுகட்டச் சொல்வார்கள். ஆனால் அந்தத் துண்டுகள் சேர்ந்து கடைசி செமஸ்டரில் 119.3 யூனிட்டோடு நிற்க வைத்துவிடும். அந்த 0.7-க்காக ஒரு கிளாஸ் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இதைவிட மோசம் தொடர் பாடங்கள். குவார்ட்டர் காலேஜில் நான்கு துண்டாகச் சொல்லிக்கொடுக்கும் கால்குலஸை செமஸ்டர் பல்கலைக்கழகத்தில் மூன்று துண்டாக வெட்டியிருப்பார்கள். இரண்டு துண்டு முடித்துவிட்டுப் போனால் அவர்களுடைய இரண்டாவது துண்டில் பாதியில் நிற்பீர்கள். முன்னாலும் போக முடியாது, பின்னால் போனால் படித்ததையே படிக்க வேண்டும். கால்குலஸ், பிசிக்ஸ், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இந்த மாதிரி வரிசைகளை ஆரம்பித்த இடத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எது போகாது, எது பாதி போகும்

சி கிரேடுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான இடங்களில் மேஜருக்குச் செல்லாது. பிரெப் என்று சொல்லப்படும் அடிப்படை ஆங்கிலம், அடிப்படைக் கணக்கு எதுவும் போகாது. ஏஏஎஸ் எனப்படும் தொழில்சார்ந்த டிகிரியின் கோர்ஸ்கள் ஏஏ, ஏஎஸ் மாதிரி முழுதாகப் போவதில்லை, அந்த ஒரு எழுத்தைக் கவனியுங்கள். யூசி கம்யூனிட்டி காலேஜிலிருந்து அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட்தான் எண்ணிக்கையில் எடுத்துக்கொள்ளும். அதற்குமேல் படித்தது வீணில்லை, பாடம் முடித்ததாகக் கணக்கு வரும், யூனிட் மட்டும் வராது. ஏற்கனவே நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் கொஞ்சம் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த வரம்பு வேறு மாதிரி வேலை செய்யும், அவர்கள் கட்டாயம் தனியாகக் கேட்க வேண்டும்.

ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரி நிலைப் பரீட்சையான ஏபி மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கம்யூனிட்டி காலேஜ் அதற்குக் கிரெடிட் கொடுத்து டிரான்ஸ்கிரிப்டில் போட்டுவிட்டது, அதுவே போகும் என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழகம் தன் சொந்த விதிப்படிதான் பார்க்கும், மதிப்பெண்ணை அந்தப் பரீட்சையை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து நேராக அனுப்பச் சொல்லும். இந்தியாவில் ஒரு வருடம் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவர்களுக்கும் இதே கதை. டபிள்யூஇஎஸ், இசிஇ போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தில் கோர்ஸ் வாரியான அறிக்கை வாங்குவதற்கு முன், நீங்கள் போகும் பல்கலைக்கழகம் யாருடைய அறிக்கையை ஏற்கும், அல்லது தானே பார்த்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி? பெரும்பாலும் அது உங்களோடு வராது. கிரெடிட் வரும், புது இடத்தில் ஜிபிஏ பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். சிலருக்கு நிம்மதி, சிலருக்கு வயிற்றெரிச்சல்.

தேதிகள்

இலையுதிர் பருவத்தில் யூசியில் சேர வேண்டும் என்றால் அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் 30-க்குள் டேக் படிவம். அக்டோபர் 1 முதல் விண்ணப்பத்தை அனுப்பலாம், நவம்பர் கடைசியோடு கதவு சாத்தப்படும். சில ஆண்டுகளில் ஓரிரு நாள் நீட்டிக்கிறார்கள், அதை நம்பி இருக்க வேண்டாம். டேக் போட்டவர்களும் விண்ணப்பத்தைத் தனியாக அனுப்ப வேண்டும், டேக் மட்டும் போட்டுவிட்டுத் தூங்கினால் இடம் போச்சு. ஜனவரியில் டிஏயூ என்று, விண்ணப்பத்தைப் புதுப்பிக்கும் படிவம் ஒன்று வரும். இலையுதிர் பருவத்தின் கிரேடும் வசந்த பருவத்தில் எடுக்கப்போகும் கிளாஸும் அதில் நிரப்ப வேண்டும், மாத இறுதிக்குள். பலர் இதை ஏதோ விளம்பர மெயில் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். ஜூன் 1-க்குள் சேர்கிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும், ஜூலை 1-க்குள் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர வேண்டும்.

அந்த இறுதி டிரான்ஸ்கிரிப்டை ஆர்டர் செய்யும்போது "கிரேடு பதிவான பிறகு அனுப்பு", "டிகிரி பதிவான பிறகு அனுப்பு" என்று ஒரு தேர்வு இருக்கும். அதைக் கவனிக்காமல் அவசரத்தில் அழுத்தினால் கடைசிப் பருவத்தின் கிரேடே இல்லாத டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேரும், மறுபடி காசு. ஒரு கிளாஸ் ஒரே வாரம் உட்கார்ந்த காலேஜாக இருந்தாலும் அதன் டிரான்ஸ்கிரிப்டும் வேண்டும், மறைக்காதீர்கள்.

எஃப்1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கிரெடிட் போவதோடு, செவிஸ் எனும் அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில் உள்ள பதிவும் போக வேண்டும். இடம் உறுதியானதும் பழைய காலேஜின் டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர் விசா விவகாரத்தைக் கவனிக்கும் அலுவலர்) சொல்லி ரிலீஸ் தேதி குறிக்க வேண்டும், அந்தத் தேதிக்குப் பிறகு புதுப் பல்கலைக்கழகம்தான் ஐ-20 (மாணவர் விசாவுக்கான தகுதிச் சான்று) தர முடியும். ரிலீஸ் தேதியிலிருந்து 5 மாதத்துக்குள் புது இடத்தில் கிளாஸ் ஆரம்பிக்க வேண்டும், ஆகவே நடுவில் ஒரு பருவம் சும்மா இருக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பருவத்துக்கு 12 யூனிட் முழுநேரம், அதில் ஒரே ஒரு ஆன்லைன் கிளாஸ்தான் கணக்கில் வரும். மேலே "ஆன்லைனில் வேறு காலேஜில் எடுங்கள்" என்று சொன்னேனே, அதை எஃப்1 மாணவர்கள் டிஎஸ்ஓவைக் கேட்காமல் செய்யவே கூடாது.

உதவித்தொகை கிரெடிட்டோடு பின்னாலேயே வராது. ஃபாஃப்சா எனும் அரசு உதவி விண்ணப்பத்தில் புதுப் பல்கலைக்கழகத்தின் எண்ணைச் சேர்க்க வேண்டும். பெல் கிராண்ட் எனும் அரசு உதவித்தொகை வாழ்நாளில் 12 செமஸ்டர் அளவுக்குத்தான், கம்யூனிட்டி காலேஜில் வாங்கியதும் அதில் சேர்த்தி.

சேர்ந்த பிறகும் வேலை இருக்கிறது

அட்மிஷன் கடிதம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடாமல், கிரெடிட் மதிப்பீடு வந்ததும் அதை வரி வரியாக அசிஸ்ட் பிடிஎஃப்போடு வைத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தில் இருப்பது ஆடிட்டில் இல்லை என்றால் அது வெறும் பதிவுப் பிழை, அந்த பிடிஎஃப்பை இணைத்து ஒரு மெயில் போட்டால் போதும். ஒப்பந்தத்திலேயே இல்லாத கோர்ஸ் என்றால் பெட்டிஷன் போட வேண்டும். அதற்கு ஆயுதம் சிலபஸ்தான். கேட்டலாகில் இருக்கும் மூன்று வரி விளக்கத்தை வைத்துக்கொண்டு யாரும் முடிவு செய்ய மாட்டார்கள், வாரம் வாரம் என்ன நடத்தினார்கள், எந்தப் பாடப்புத்தகம் எந்தப் பதிப்பு, மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் வேண்டும். ஒவ்வொரு பருவமும் முதல் வாரமே எல்லா சிலபஸையும் இறக்கி ஒரே ஃபோல்டரில் போட்டு, பருவம், கோர்ஸ் எண், ஆசிரியர் என்று பெயர் வைத்துவிடுங்கள். வகுப்பு முடிந்ததும் கேன்வாஸ் எனும் வகுப்புத் தளத்தில் பக்கத்தையே மூடிவிடுவார்கள்.

என் ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு அப்படி ஃபோல்டர் எதுவும் இல்லை. வாத்தியார் வேலையை விட்டுப் போய்விட்டார், அவருடைய வலைப்பக்கமும் இல்லை. பழைய நோட்டுக்குள் மடங்கிக் கிடந்த நாலு பக்கம்தான் கிடைத்தது. அதை ஸ்கேன் செய்து படிவத்தோடு அனுப்பினேன், இரண்டு வாரம் பதில் இல்லை, நேரில் போனேன். துறைத் தலைவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "இதில் ரிக்ரெஷன் எங்கே?" எங்கள் பிசினஸ் மாணவர்களுக்கு அதுதான் முக்கியம், சாதாரண ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கோர்ஸில் அதைத் தொட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். 9-ஆவது வாரத்திலும் 10-ஆவது வாரத்திலும் விரலை வைத்துக் காட்டினேன். அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் ஆடிட்டில் அந்தப் பெட்டி பச்சையாகிவிட்டது.

மற்ற இரண்டில் வெப் டிசைனுக்கு அங்கே ஈடான கோர்ஸே கிடையாது. பிசினஸ் லாவுக்கு இருந்தது, கேட்டுப் பார்த்திருக்கலாம், ஆனால் அந்த சிலபஸை வீடு மாறும்போது தூக்கிப் போட்டிருந்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன்.